புண் ஆறிய பிறகு

அப்பத்தா ஃபேனை நிறுத்தச் சொன்னாள். 2018 மே மாதம். மானாமதுரைப் பக்கத்து மே மாதம் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஓட்டு வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தாலே முதுகில் வேர்வை வழியும். "காத்துப் பட்டாக் காந்துதுய்யா, அமத்திரு" என்றாள். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நான், "காத்துப் பட்டு யாருக்காச்சும் வலிக்குமா அப்பத்தா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பு விலாவில் படாதபடி ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.

அவளுக்கு அக்கி வந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. கொப்புளம் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, வலது மார்புக்குக் கீழிருந்து முதுகுவரை மங்கலான தழும்பு மட்டும் ஒரு பட்டையாகக் கிடந்தது. "புண்ணுதான் ஆறிருச்சே, இன்னும் என்ன வலி?" இதைக் கேட்காத ஆளே வீட்டில் இல்லை. அத்தை கொஞ்சம் அன்பாகக் கேட்டாள், சித்தப்பா கொஞ்சம் எரிச்சலாகக் கேட்டார். கேள்வி ஒன்றுதான். நான் கேள்விகூடக் கேட்கவில்லை, தீர்ப்பே சொல்லிவிட்டேன். "எல்லாம் ஒன் மனசுலதான் இருக்கு அப்பத்தா. வேற எதையாச்சும் நெனை, மறந்துரும்."

அதற்கப்புறம் அவள் என்னிடம் வலிக்கிறது என்று சொன்னதே இல்லை. வலி குறைந்துவிட்டது என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு வலியை இன்னொருவர் சொல்லும்போது, அதை நம்புவதற்கு நமக்கு என்ன வேண்டும்? நம்பாமல் போவது வெறும் அறியாமையா, இல்லை தப்பா?

*

முதலில் வந்தது கொப்புளம் இல்லை, வலிதான். மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வலது விலாவில் ஏதோ பிடித்திருக்கிறது என்றாள். வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தார்கள். மறுநாள் வலி கூடியது. நெஞ்சுவலியாக இருந்துவிடப் போகிறது என்று சித்தப்பா பயந்துபோய் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். நெஞ்சில் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை குளிக்கும்போதுதான் அத்தை பார்த்திருக்கிறாள். சிவந்து தடித்த தோலில் நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள், கொத்துக் கொத்தாக, விலாவைப் பிடித்து ஒரு பாதி வளையம்.

அக்கி என்று பார்த்தவுடன் சொல்லிவிட்டார்கள். அது உடம்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் முட்டிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து என்ற பயமும் கூடவே வந்தது. உண்மையில் அக்கி பெரும்பாலும் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. ஒரு பக்கத்து நரம்பு எதுவரை போகிறதோ அதுவரைதான் கொப்புளமும் போகும். ஆனால் அந்தப் பயம் ஒரு நல்ல காரியமும் செய்யும்: ஆளை உடனே எழுப்பி எங்கேயாவது கூட்டிப்போக வைக்கும். எங்கள் ஊரில் அந்த 'எங்கேயாவது' என்பது வேளார் வீடு.

அக்கி எழுதுவதைப் பார்த்திருக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மண்பானை செய்கிறவர் செங்காவியைத் தண்ணீரில் குழைத்து, இறகால் தொட்டு, கொப்புளத்தின் மேலேயும் அதைச் சுற்றியும் எழுதுவார். மூன்று நாள் எழுதினார். எண்ணெய்ப் பலகாரம் கூடாது, கறி கூடாது, வெயிலில் போகக்கூடாது என்று பத்தியமும் சொன்னார். மூன்று வாரத்தில் எல்லாம் காய்ந்தது. "கைராசிக்காரரு" என்றார்கள். அக்கிக் கொப்புளம் யார் எதைச் செய்தாலும், செய்யாவிட்டாலும், பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தானாகவே ஆறிவிடும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தானாக ஆறும் நோய்க்கு எந்த வைத்தியமும் பலிக்கும். பிறகும் மிச்சமிருந்த வலிக்கு எந்த வைத்தியத்தின் கணக்கிலும் இடமில்லை. வேளாரைப் பொறுத்தவரை குணமாகிவிட்டது. எங்களைப் பொறுத்தவரையும்தான். அப்பத்தாவைத் தவிர.

*

அக்கி வெளியிலிருந்து புதிதாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. சின்ன வயதில் நமக்குச் சின்னம்மை போட்டு, வேப்பிலையில் படுக்கவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகும் அந்த வைரஸ் உடம்பைவிட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டியும் தலையிலும் இருக்கும் நரம்பு முடிச்சுகளுக்குள் போய் ஒடுங்கிக்கொள்கிறது. ஐம்பது, அறுபது வருடம்கூடச் சும்மா கிடக்கும். வயதாகியோ வேறு நோயாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஏதோ ஒரு முடிச்சில் விழித்து, அந்த ஒரே நரம்பின் வழியாகத் தோலுக்கு இறங்கி வருகிறது. கொப்புளம் பட்டையாக, ஒரு பக்கமாக மட்டும் வருவது இதனால்தான். ஜோஸ்டர் என்ற அதன் மருத்துவப் பெயரே கிரேக்கத்தில் இடுப்புக் கச்சையைக் குறிக்கும் சொல்.

இதைத் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறிய ஊரில் குடும்ப டாக்டராக இருந்தவர். பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. 16 வருடம் தன்னிடம் வந்த அக்கி நோயாளிகள் ஒவ்வொருவரையும் குறித்து வைத்தார், மொத்தம் 192 பேர். ஷெட்லாண்ட் தீவுகளில் யெல் என்ற தீவுக்குப் போய் அங்கிருந்தவர்களின் நோய் வரலாற்றையும் விசாரித்தார். சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸ் என்று தாமஸ் வெல்லர் 1950-களிலேயே ஆய்வகத்தில் காட்டியிருந்தார். அந்த வைரஸ் உள்ளேயே தங்கி, பிறகு விழிக்கிறது என்ற விளக்கத்தை ஹோப்-சிம்ப்சன் 1965-ல் எழுதினார். நோயாளிகள் சொன்னதைப் பதினாறு வருடம் விடாமல் எழுதி வைத்ததுதான் அவர் செய்த ஆராய்ச்சி.

சரி, தோல் ஆறிய பிறகும் ஏன் வலிக்கிறது? வைரஸ் இறங்கி வந்த பாதை நரம்பு. வருகிற வழியில் அந்த நரம்பையே அது சிதைத்துவிடுகிறது. தோல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். நரம்புக்கு அது அவ்வளவு சுலபமில்லை. சிதைந்த நரம்பு, யாரும் தொடாமலே சேதி அனுப்பத் தொடங்குகிறது. வாசலில் ஆளே இல்லாமல் அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வயர்தான் கெட்டிருக்கிறது, ஆனால் சத்தம் நிஜம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் தண்டுவடமும் கூர்மையாகிவிடுகிறது. தொடுகையைச் சொல்ல வேண்டிய நரம்பு சேதி அனுப்பினாலும் அது வலியாகப் போய்ச் சேருகிறது. பருத்தித் துணி உரசினால் வலி. ஃபேன் காற்றுப் பட்டால் வலி. அழுத்திப் பிடித்தால்கூடச் சிலருக்குத் தாங்கும், ஆனால் மெல்லிய தொடுகை தாங்காது. அப்பத்தா சேலைத் தலைப்பைத் தூக்கிப் பிடித்தபடி தூங்கியது இதனால்தான். இரண்டு மாதமாக ரவிக்கை போடாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததும், கல்யாண வீட்டுக்கு வரமாட்டேன் என்றதும், "கெழவிக்குப் பிடிவாதம்" என்று எல்லாரும் சொன்னதும்.

கொப்புளம் வந்து 90 நாள் தாண்டியும் நிற்கும் இந்த வலிக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. அக்கி வந்தவர்களில் 10 முதல் 18 சதவீதம் பேருக்கு இது வருகிறது, வயது கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது. இப்படி அவதிப்படுகிறவர்களின் தோலில் துளி எடுத்து நுண்நோக்கியில் பார்த்திருக்கிறார்கள். இருக்க வேண்டிய நரம்பு நுனிகள் அங்கே வெகுவாகக் குறைந்திருந்தன. அதாவது, "புண்ணு ஆறிருச்சு" என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்னதே தப்பு. ஆறியது தோல் மட்டும்தான்.

ஆனால் இந்த இடத்தில் எனக்கு ஒரு உறுத்தல். நரம்பு நுனி குறைந்திருப்பதை நுண்நோக்கி காட்டிய பிறகு நான் நம்புகிறேன். அப்பத்தா சொன்னபோது நம்பவில்லை. அப்படியென்றால் இப்போதும் நான் அவளை நம்பவில்லை, நுண்நோக்கியைத்தான் நம்புகிறேன்.

*

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நாம் எல்லாரும் வாழ்க்கையில் ஒருமுறையாவது சொன்ன பழமொழி. இதை உண்மையிலேயே செய்து பார்த்த ஒரு மனிதர் இருந்தார், அவருக்கும் அக்கிக்கும் சம்பந்தமும் உண்டு.

ஹென்றி ஹெட், லண்டனில் நரம்பியல் மருத்துவர். 1900-ல் கேம்ப்பெல் என்பவரோடு சேர்ந்து, அக்கி எந்த நரம்பு முடிச்சைத் தாக்கினால் தோலின் எந்தப் பகுதியில் கொப்புளம் வரும் என்பதை ஆராய்ந்து எழுதினார். உடம்பின் தோலை நரம்புவாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடங்களுக்கு அது ஒரு அடிப்படை. நரம்பு அறுந்தால் உணர்ச்சி எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது என்று தெரிந்துகொள்ள அவர் நோயாளிகளிடம் கேட்டுப் பார்த்தார். அவர்கள் சொன்ன பதில்கள் அவருக்குப் போதவில்லை. 1903 ஏப்ரலில், தன் இடது முன்கையில் தோலுக்குப் போகும் நரம்பைத் தானே அறுக்கச் சொல்லி, மறுபடி தைக்கவைத்தார். அதற்கப்புறம் நான்கு வருடம், கேம்பிரிட்ஜில் இருந்த நண்பர் டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ் அவருடைய கையில் ஊசியாலும் பஞ்சாலும் சூட்டாலும் குளிராலும் தொட்டுத் தொட்டுச் சோதித்தார். ஹெட் கண்ணை மூடிக்கொண்டு என்ன உணர்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். 1908-ல் இருவரும் அதை வெளியிட்டார்கள்.

இதை முதன்முதலில் படித்தபோது புல்லரித்தது. அடுத்தவன் வலியைத் தெரிந்துகொள்ளத் தன் நரம்பை அறுத்துக்கொண்ட மனிதர்! கொஞ்ச நாள் கழித்துத்தான் வேறொன்று தோன்றியது. நரம்பை அறுத்த பிறகு ஹெட்டுக்குத் தெரிந்தது ஹெட்டின் வலிதான். அவரிடம் வந்த நோயாளியின் வலி அப்போதும் நோயாளியிடமே இருந்தது. அது மட்டுமில்லை. படித்த, பயிற்சி பெற்ற ஒரு டாக்டர் சொன்னால் அது ஆதாரம், கூலி வேலைக்குப் போகும் நோயாளி சொன்னால் அது போதாத பதில். இந்தப் பாகுபாடு அந்தச் சோதனையின் அடியிலேயே இருக்கிறது.

ரிவர்ஸுக்கு இதில் நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு. அவர் 1901-02-ல் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு இருந்து ஆய்வு செய்தவர். தோடர்களின் பார்வை முதலிய புலன்களைச் சோதித்து எழுதினார், 1906-ல் 'தி தோடாஸ்' என்ற பெரிய நூலையும் வெளியிட்டார். அதற்கு முன் 1898-ல் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன கேம்பிரிட்ஜ் குழுவிலும் அவர் இருந்தார். அதே குழுவில் இருந்த மெக்டூகல் என்பவர், தீவுவாசிகளின் தோலில் கருவியை வைத்து அழுத்தி, ஐரோப்பியரைவிட அவர்களுக்கு வலி உணர்வு குறைவு என்று முடிவு சொன்னார். அடுத்தவனுக்கு நம்மைவிடக் குறைவாகத்தான் வலிக்கும் என்ற எண்ணத்துக்கு ஒரு கருவியும் ஒரு அட்டவணையும் கிடைத்தன.

வெள்ளைக்காரனைத் திட்டுவது சுலபம். எங்கள் வீட்டிலும் அதே அட்டவணை இருந்தது, எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். "ஆறு பிள்ளை பெத்த ஒடம்பு, இதெல்லாம் ஒரு வலியா?" "அந்தக் காலத்துச் சாப்பாடு, தாங்கும்." "களையெடுத்த கை, மரத்துப் போயிருக்கும்." பாராட்டு மாதிரிதான் சொல்வோம். கேட்கிறவளுக்கு அது வாயை அடைக்கும் துணி. வயதானவர்களுக்கு, பெண்களுக்கு, உடலுழைப்பில் வாழ்ந்தவர்களுக்கு வலி குறைவு என்று நினைத்துக்கொள்வது நமக்கு எவ்வளவு வசதி!

வசதி என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். நாங்கள் ஏன் நம்பவில்லை என்று இத்தனை வருடம் கழித்து யோசித்தால், சாட்சி போதவில்லை என்பது காரணமாகத் தெரியவில்லை. நம்பினால் ஏதாவது செய்தாக வேண்டும். என்ன செய்வதென்று தெரியவில்லை. தினமும் அதே முனகலைக் கேட்டு, ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பதைவிட, அப்படி ஒரு வலியே இல்லை என்று முடிவு செய்வது எளிது. எங்கள் சந்தேகம் எங்கள் கையாலாகாத்தனம் போட்டுக்கொண்ட வேஷம். பார்த்துக்கொள்கிறவர்களும் மனிதர்கள்தான், அவர்களும் களைப்பார்கள். அத்தை ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து விசிறியும் ஈரத்துணியுமாக உட்கார்ந்தவள், அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "எனக்கு என்ன செய்றதுன்னு தெரியல ஆத்தா" என்று சொல்வதும், "ஒனக்கு வலியே இல்ல" என்று சொல்வதும் ஒன்றில்லை. முதலாவதில் அவள் தனியாக இல்லை.

*

விட்கென்ஸ்டைன் ஒரு இடத்தில் வலியைக் குறிக்கும் சொல்லைக் குழந்தை எப்படிக் கற்கிறது என்று யோசிக்கிறார். குழந்தை விழுகிறது, அடிபடுகிறது, அழுகிறது. பெரியவர்கள் ஓடிவந்து அதனிடம் பேசுகிறார்கள், சொற்களைக் கற்றுத் தருகிறார்கள். அழுகை இருந்த இடத்துக்கு மெதுவாக ஒரு வாக்கியம் வந்து உட்கார்கிறது. 'வலிக்குது' என்பது உள்ளே இருக்கும் ஒரு பொருளைப் பார்த்துவிட்டுத் தருகிற அறிக்கை இல்லை, அது அழுகையின் வளர்ந்த வடிவம். 1953-ல் அவர் இறந்த பிறகு வெளிவந்த நூலில் வரும் யோசனை இது.

கொஞ்சம் யோசித்தால் இதில் நமக்கு ஒரு கடமை இருப்பது புரியும். குழந்தை அழும்போது யாரும் ஆதாரம் கேட்பதில்லை. தூக்குகிறோம், ஊதிவிடுகிறோம், தரையை அடிக்கிறோம். அதே அழுகை எழுபத்து நான்கு வயதில் நல்ல தமிழில் ஒரு வாக்கியமாக வரும்போது மட்டும் அதைச் சரிபார்க்க வேண்டிய தகவலாக எடுத்துக்கொள்கிறோம். நான் செய்தது அதுதான். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் விசாரணை நடத்தினேன்.

எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிட வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நடுவில் அப்பத்தா, பங்காளி வீட்டில் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றும் சொன்னாள். அதை நான் நம்ப வேண்டியதில்லை. வலிக்கிறது என்பது வேறு, ஏன் வலிக்கிறது என்பது வேறு. முதலாவதில் அவளுக்கு மேல் அதிகாரி கிடையாது. இரண்டாவதில் அவளும் நானும் டாக்டரும் விவாதிக்கலாம். நான் இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தூக்கி எறிந்தேன். உலக வலி ஆய்வாளர் சங்கம் 2020-ல் வலிக்கான தன் பழைய வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொல்வதை மதிக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தது. அறிவியல் அமைப்பு ஒன்று மரியாதையைப் பற்றி எழுதியிருப்பதை முதலில் படித்தபோது விநோதமாக இருந்தது. இப்போது இல்லை.

ஏனென்றால் இந்த வலியில் மரியாதைதான் பரிசோதனையே. அந்த ஜூலையில், அத்தை பிடிவாதமாக மதுரைக்குக் கூட்டிப்போனாள். நானும் போயிருந்தேன். இளம் டாக்டர், என் அக்கா வயது இருக்கும். ஸ்கேன் ஏதும் எழுதித் தரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எப்படிம்மா வலிக்குது?" என்று கேட்டார். எவ்வளவு வலி என்பது அப்புறம்தான். முதலில் எப்படி என்று கேட்டார்.

அப்பத்தா பேசத் தொடங்கினாள். "காந்துதுத்தா. மொளகா அரைச்சுப் பூசுன மாதிரி. திடீர்னு சுள்ளுன்னு ஒண்ணு, கரண்டு அடிச்சாப்ல. அப்புறம் எறும்பு ஊரும். சீலை பட்டாப் போதும், உசுரு போயி உசுரு வரும். ராத்திரிலதான் சாஸ்தி." ஐந்து மாதத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு பஞ்சை எடுத்து, "தொடட்டுமா?" என்று கேட்டுத் தழும்பின் மேல் லேசாகத் தடவினார். அப்பத்தா உதறிக்கொண்டாள். பரிசோதனை முடிந்தது. காந்தல், மின் அதிர்ச்சி, ஊரல், தொட்டால் வலி: இவைதான் நரம்பு வலியின் அடையாளங்கள். நாங்கள் புலம்பல் என்று ஒதுக்கிய அதே சொற்களை வைத்துத்தான் அவர் நோயைக் கண்டுபிடித்தார்.

*

சிகிச்சை பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வழக்கமான வலி மாத்திரைகள் இதற்குப் பெரிதாகக் கேட்பதில்லை. நரம்பின் கூச்சலைத் தணிக்கும் மருந்துகள்தான் கேட்கும்: கேபபென்டின், பிரீகேபலின், அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின். வலிக்கும் இடத்தில் ஒட்டும் லிடோகெய்ன் பட்டை உண்டு. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினை வைத்துச் செய்த களிம்பும் பட்டையும் உண்டு. மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி என்று சொன்னவளுக்கு மிளகாய்ச் சத்தே மருந்தாக வருவது வேடிக்கைதான். அது நரம்பு நுனியை முதலில் எரியவைத்துப் பிறகு ஓயவைக்கிறது.

எல்லாவற்றையும் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். தூக்கக் கலக்கம், தலைசுற்றல், வாய் உலர்தல் எல்லாம் வரலாம். வயதானவர்கள் ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் சுகமானதும் நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலி முழுக்கப் போய்விடும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. "பாதியாக் கொறைச்சுட்டா நிம்மதியாத் தூங்கலாம், அதுக்குப் பாப்போம்" என்றார். அந்தப் பாதி என்ற சொல்லை அப்பத்தா பிடித்துக்கொண்டாள். முழுசாகப் போய்விடும் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி ஏமாந்தவளுக்கு, பாதி நம்பும்படியாக இருந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. அமிட்ரிப்டிலின் பழைய மனச்சோர்வு மருந்து. நரம்பு வலிக்கு அதைவிடக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். மருந்துக் கடையில் யாரோ அது மனநோய் மாத்திரை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா மாத்திரை அட்டையை என் பக்கம் நீட்டினாள். "நீ சொன்னதத்தானப்பா அந்தம்மாவும் சொல்லியிருக்கு. மனசுலதான்னு."

நான் இரண்டு மாதத்துக்கு முன் வீசிவிட்டு மறந்துபோன வாக்கியத்தை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். "இல்ல அப்பத்தா, இது நரம்புக்கு. நான் சொன்னது தப்பு" என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். மன்னித்தாளா என்று தெரியாது. வலி பாதிக்கும் கொஞ்சம் கீழே இறங்கியது. தீபாவளிக்கு ரவிக்கை போட்டாள்.

*

முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் வந்திருக்காதோ? வீட்டில் இந்தக் கேள்வி ரொம்ப நாள் சுற்றியது. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குவதுதான் முறை. கொப்புளம் சீக்கிரம் ஆறும், அந்த நேரத்து வலியும் குறையும். எங்களுடைய அந்த மூன்று நாள் செங்காவியில் போனது. அதே சமயம், நீண்ட நாள் வலியை அந்த மாத்திரை உறுதியாகத் தடுத்துவிடும் என்று ஆய்வுகள் சொல்லவில்லை. நேரத்துக்குப் போனவர்களுக்கும் வருகிறது. ஆகவே "நீங்க லேட் பண்ணதாலதான்" என்று யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. "எப்படியும் வந்திருக்கும்" என்று கையைக் கழுவிக்கொள்ளவும் முடியாது. பலன் நிச்சயமில்லை என்று தெரிந்தும் செய்ய வேண்டிய காரியங்கள் இருக்கின்றன. விலாவிலோ முகத்திலோ ஒரு பக்கமாகக் காந்தலோடு கொப்புளம் கண்டால், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நெற்றியில், கண்ணைச் சுற்றி, மூக்கு நுனியில் வந்தால் கண் டாக்டரையும் அன்றைக்கே பார்க்க வேண்டும், பார்வைக்கே ஆபத்து.

நிச்சயத்துக்குப் பக்கத்தில் வருவது தடுப்பூசிதான். 2005-ல் வெளியான ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்ட 38,000-க்கும் அதிகமானவர்களில், பழைய தடுப்பூசி அக்கியைப் பாதியாகவும் நீண்ட நாள் வலியை மூன்றில் ஒரு பங்காகவும் குறைத்தது. பிறகு வந்த ஷிங்ரிக்ஸ், பெரிய சோதனைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் அக்கியைத் தடுத்தது. இரண்டு தவணை, இரண்டிலிருந்து ஆறு மாத இடைவெளி, 50 வயதிலிருந்து போடலாம். ஏற்கெனவே அக்கி வந்தவர்களும் போடலாம், ஆனால் வந்துவிட்ட வலியை அது போக்காது. இந்தியாவில் 2023-லிருந்து கிடைக்கிறது. அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. விலை, சாதாரணக் குடும்பம் ரொம்ப யோசிக்க வேண்டிய விலை. வலி எல்லாருக்கும் வரலாம், தடுப்பு சிலருக்கு மட்டும் என்பதுதான் இன்றைய நிலை. அப்பத்தா அதற்குள் போய்விட்டாள், 2021-ல், வேறு நோயில்.

வேளாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் எழுதியதில் மருந்து இல்லை, அந்த மூன்று நாள் வீணானது, இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஐந்து மாதத்தில் அவளுடைய கொப்புளத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், ஒவ்வொன்றாகப் பார்த்து, "இங்கயா ஆத்தா எரியுது? இங்க?" என்று கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் வேளார், இன்னொருவர் அந்த டாக்டர். அப்பத்தா கடைசிவரை இருவரைப் பற்றியும் நல்லபடியாகத்தான் பேசினாள். அவளைப் பொறுத்தவரை அவர்கள் ஒரே வகை ஆட்கள். ஒருவரிடம் மருந்து இருந்தது, இன்னொருவரிடம் இல்லை. நாங்கள் மருந்தும் தரவில்லை, கேட்கவும் இல்லை.

போன மாதம் அப்பாவிடம் தடுப்பூசி பற்றிப் பேசினேன். அறுபத்தொன்று ஆகிறது. "ஒரு ஊசிக்கா இவ்வளவு? நமக்கெல்லாம் அதெல்லாம் வராதுப்பா, தாங்குற ஒடம்பு" என்றார். அப்பத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் சொன்ன அதே சொல்லை அவர் தன்னைப் பற்றியே சொல்கிறார். வாதம் செய்யவில்லை. "ஆத்தாவுக்கு எப்படி வலிச்சுச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நான் சரியாவே கேக்கலியேடா" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி, கரண்டு அடிச்சாப்ல, எறும்பு ஊருவது, சீலை பட்டால் உயிர் போவது. அவள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்துபோய் அதன் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.